நேரலையில் பச்சைத் திரை: துணி வாங்குவது முதல் ஒளிபரப்பு வரை

போட்டித் தேர்வு எழுதுவோருக்காக வாரம் இருமுறை நேரலை வகுப்பு நடத்தும் ஒரு சிறிய குழுவுக்கு, மதுரையில் ஓர் அறையில் பச்சைத் திரை அமைத்துக் கொடுத்தேன். பேசுபவருக்குப் பின்னே பச்சைத் துணியைக் கட்டி, கேமராப் படத்தில் அந்தப் பச்சையை மட்டும் கணினியால் நீக்கி வேறு பின்னணியை வைக்கும் முறை இது; அந்த நீக்கத்தைத்தான் கீ அல்லது குரோமா கீ என்பார்கள். முதல் நேரலையிலேயே ஆசிரியையின் தோளோரம் கொதிக்கும் நீரைப்போல நெளிந்தது. அவர் சூடியிருந்த கதம்பத்தில் ஆங்காங்கே ஓட்டை விழுந்து, பின்னணிப் படம் அதன் வழியே தெரிந்தது. அடுத்த மூன்று வாரங்கள் மென்பொருளில் உள்ள அளவுகளைக் கூட்டுவதிலும் குறைப்பதிலுமே கழிந்தன. துணியிலும் விளக்கிலும் கேமராவிலும் விட்ட பிழையை எந்த மென்பொருளாலும் நேரலையில் மீட்க முடியாது என்பது அதன் பிறகுதான் விளங்கியது.

பதிவு செய்த காணொளியைப் பிறகு உட்கார்ந்து திருத்தலாம். நேரலையில் விநாடிக்கு 25 முறை, திரையின் ஒவ்வொரு புள்ளியும் துணியா ஆளா என்று கணினியே முடிவெடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த முடிவு தடுமாறாதபடி படத்தைக் கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு. கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஆறாவது படியிலிருந்து தொடங்கினால் நான் இழந்த மூன்று வாரங்களை நீங்களும் இழப்பீர்கள்.

செலவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேமராவும் கணினியும் எங்களிடம் ஏற்கெனவே இருந்தன. துணிக்கும் தாங்கிக்கும் 4,500 ரூபாய், நான்கு எல்இடி பேனல் விளக்குகளுக்குத் தாங்கிகளோடு 16,000, கேமராப் படத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் கேப்சர் கார்டுக்கு 11,000, கம்பிகள், கிளிப்புகள் முதலிய சில்லறைப் பொருள்களுக்கு 1,500 என மொத்தம் 33,000 ரூபாய் ஆனது. தவறான துணி, தவறான கார்டு, தவறான பல்புகள் ஆகியவற்றுக்கு முன்பே செலவழித்த 6,000 ரூபாய் இந்தக் கணக்கில் சேராது. காலத்தைப் பொறுத்தவரை, பொருள்கள் கைக்கு வந்த பின் ஒரு முழு வாரத்தை ஒதுக்குங்கள்.

1. அறையை அளந்து பாருங்கள்

துணிக்கும் ஆளுக்கும் இடையே ஆறடி, ஆளுக்கும் கேமராவுக்கும் இடையே ஏழடி, கேமராவுக்குப் பின்னே ஒருவர் நிற்க இரண்டடி என ஏறத்தாழ 15 அடி நீளம் இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம். எங்கள் அறை 14 அடிதான். துணிப் பக்கத்தில் ஓரடியை விட்டுக்கொடுத்தோம். ஆள் துணியை நெருங்க நெருங்க அவர் நிழல் துணியில் விழும். துணியிலிருந்து தெறிக்கும் பச்சை ஒளி அவர் கழுத்திலும் தோளிலும் படியும். அறை பத்தடிதான் என்றால் மார்பளவுச் சட்டகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கால் வரை தெரியும் காட்சிக்குத் தரையிலும் துணி விரிக்க வேண்டும்; அதை முதல் மாதத்தில் முயல வேண்டாம்.

சன்னல்களைக் கனத்த திரையால் மூடுங்கள். காலை பத்து மணிக்குக் கச்சிதமாக அமைத்த கீ, மாலை நான்கு மணிக்கு வெயில் சாய்ந்ததும் கலைந்துவிடும். மின்விசிறியும் ஓடக் கூடாது, ஏனெனில் துணி அசைந்தால் நிழல் அசையும், முடி பறந்தால் ஓரம் நெளியும். குளிர்சாதனம் இருந்தால் அதன் காற்று துணியின் மேல் நேரே படாதபடி திருப்பி வையுங்கள்.

2. துணி வாங்குதல்

பளபளப்பு இல்லாத, சற்றுக் கனமான பருத்தித் துணியே போதும். சாட்டின் போன்ற மின்னும் துணிகளில் விளக்கு படும் இடம் வெளுத்துப்போகும், அந்த இடத்தைக் கணினி பச்சையாகவே எண்ணாது. மிக மலிவாகக் கிடைக்கும் மெல்லிய, நெய்யப்படாத துணி வேறொரு விதத்தில் ஏமாற்றும்: ஒளி அதை ஊடுருவிச் செல்வதால் பின்னாலிருக்கும் சுவரின் கறையும் சன்னல் சட்டமும் நிழலாகத் தெரியும். கடையிலேயே துணிக்குப் பின்னே கைப்பேசி டார்ச்சைப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் வட்டமாகத் தெளிவாகத் தெரிந்தால் வாங்காதீர்கள்.

நிறம் தெளிந்த கிளிப்பச்சையாக இருக்க வேண்டும். மஞ்சள் கலந்த மாந்தளிர்ப் பச்சையோ கறுத்த பாட்டில் பச்சையோ உதவாது. இடுப்பளவுக் காட்சிக்கு எட்டடிக்குப் பத்தடி தாராளம். இரண்டு துண்டுகளை இணைத்துத் தைத்தால் தையலின் கோட்டு நிழல் திரையின் நடுவில் நிற்கும் என்பதால், அகலமான ஒரே துண்டாகக் கேட்டு வாங்குங்கள். வாங்கிய பின் மடித்து வைக்காமல், குழாய்க் கடையில் கிடைக்கும் இரண்டு அங்குல பிவிசி குழாயில் சுருட்டி வையுங்கள். ஒரு மடிப்புக் கோட்டை எடுக்க இஸ்திரிப் பெட்டியோடு அரை மணி நேரம் போராட வேண்டியிருக்கும். சுருட்டி வைத்தால் அந்த வேலையே இல்லை. தொங்கவிட்ட துணியை இரு பக்கமும் கிளிப் போட்டு இழுத்துக் கட்டி, அடியில் இன்னொரு குழாயைக் கனத்துக்காகச் செருகுங்கள்.

பேசுபவர் பச்சைச் சீருடையில் வருவார் என்றாலோ, செடிகொடிகளைக் கையில் எடுத்துக் காட்டும் நிகழ்ச்சி என்றாலோ நீலத் துணியைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் நீலத்துக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். பெரும்பாலான கேமராக்களின் உணரியில் சிவப்பு, நீலம் ஒவ்வொன்றையும் விடப் பச்சையைப் பதியும் புள்ளிகள் இரு மடங்கு இருப்பதால், பச்சையில் இரைச்சல் (படத்தில் மினுங்கும் பொடிப் புள்ளிகள்) குறைவாகவும் நீலத்தில் கூடுதலாகவும் இருக்கும்.

3. விளக்குகள்

உங்கள் நேரத்தில் பாதியை இந்தப் படிக்கே கொடுங்கள். துணிக்கு இரண்டு, ஆளுக்கு இரண்டு என்று விளக்குகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும்; ஒரே விளக்கை இரண்டுக்கும் பயன்படுத்தினால் ஒன்றைத் திருத்தும்போது மற்றது கெடும்.

துணிக்கான இரண்டு விளக்குகளையும் துணியின் இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் சாய்கோணத்தில், இரண்டும் ஒரே உயரத்தில், துணியிலிருந்து ஒரே தொலைவில் வையுங்கள். இடது விளக்கு துணியின் வலப்பாதியையும், வலது விளக்கு இடப்பாதியையும் நோக்கினால் ஒளி நடுவில் குவியாமல் பரவும். ஆளுக்கான முதல் விளக்கை முகத்துக்குச் சற்று மேலே ஒரு பக்கமாகவும், இரண்டாவதை அவருக்குப் பின்னாலிருந்து தலைமுடியிலும் தோளிலும் படுமாறும் வையுங்கள். இந்தப் பின்விளக்கு கேமராவின் கண்ணில் நேரே பட்டுவிடக் கூடாது. நான் முதலில் இதை வீண் செலவு என்று விட்டுவிட்டேன். கருமையான கூந்தலின் ஓரத்தில் மெல்லிய வெளிச்சக் கோடு விழுந்த பிறகுதான் கூந்தல் கூந்தலாகத் தெரிந்தது.

துணி முழுவதும் ஒரே அளவு வெளிச்சம் படுகிறதா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. கண் தானாகவே சமன் செய்துகொள்ளும். அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற நேரலை மென்பொருளில் கேமராவுக்கு நிறத் திருத்த வடிகட்டியைச் சேர்த்து, நிறச்செறிவை மைனஸ் 1 வரை இறக்கி, கான்ட்ராஸ்டை நன்றாக ஏற்றுங்கள். படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். துணி ஒரே சாம்பல் நிறமாக இருந்தால் சரி. ஒரு மூலை கறுத்தோ நடுவில் வெள்ளைத் திட்டாகவோ தெரிந்தால் விளக்கை நகர்த்துங்கள். எங்கள் துணியின் இடது கீழ்மூலை, கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாதபோது, இந்தச் சோதனையில் கரிபோலத் தெரிந்தது. விளக்குத் தாங்கியை ஒரு சாண் பின்னுக்கு நகர்த்தியதும் சரியானது. சோதனை முடிந்ததும் அந்த வடிகட்டியை மறக்காமல் நீக்கிவிடுங்கள்.

வெளிச்சம் கூடினால் கீ நன்றாக வரும் என்ற எண்ணமும் தவறு. துணியின் மேல் ஒளியைக் கொட்டினால் பச்சை வெளிறும், ஆளின் மேல் தெறிக்கும் பச்சை ஒளியின் கசிவும் கூடும். முகத்தின் வெளிச்சத்தைவிடத் துணியின் வெளிச்சம் ஒரு படி குறைவாகவே இருக்கட்டும்.

வீட்டுக்கு வாங்கும் மலிவு எல்இடி பல்புகள் பல, நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு கேமராவில் பட்டை பட்டையாக ஓடும். பட்டை ஓடும்போது பச்சையின் அளவு மாறி, கீயின் ஓரம் நடுங்கும். நான் கண்ட கொதிப்பில் பாதி இதனால் வந்தது. காணொளிக்கென்றே விற்கப்படும் துடிப்பில்லாத பேனல்களை வாங்குங்கள், கூரையில் இருக்கும் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள்.

4. கேமரா

தானியங்கி என்று பெயருள்ள எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வெள்ளைச் சமன், வெளிச்ச அளவு, குவியம் ஆகிய மூன்றும் கையால் அமைத்துப் பூட்டப்பட வேண்டும். ஒருவர் வெள்ளைத் தாளை உயர்த்திக் காட்டியதும் தானியங்கிக் கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், அதோடு துணியின் பச்சையும் மாறி கீ உடையும். விளக்குகளின் ஒளி நிறம் 5600 கெல்வின் என்றால் கேமராவிலும் அதே எண்ணை வையுங்கள்.

விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் விநாடியில் 50இல் ஒரு பங்கு என்பது இங்குள்ள மின்சாரத்துக்குப் பொருந்தும். பேசுபவர் கையை வேகமாக வீசுகிறவர் என்றால் ஷட்டரை 100இல் ஒரு பங்காக்குங்கள். அசைவின் மங்கல் குறையும், ஆனால் அதற்கேற்ப வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். லென்ஸின் துளையை எஃப் 4 முதல் 5.6 வரை வைத்தால் காது முதல் மூக்கு வரை கூர்மையாக இருக்கும். ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவைக் கேமராவால் முடிந்த அளவு தாழ்த்துங்கள், ஏனெனில் இரைச்சல் ஓரத்தில்தான் முதலில் தெரியும். கேமராவின் உள்ளே படத்தைக் கூர்மையாக்கும் அமைப்பையும் கடைசி வரை குறைத்துவிடுங்கள். அது ஆளைச் சுற்றி ஒரு மெல்லிய கோட்டை வரையும், கீ செய்த பின் அந்தக் கோடு மட்டும் நிற்கும்.

வாடகைக்கோ பழையதாகவோ கேமரா எடுப்பவர்கள் பணம் கொடுக்கும் முன், எச்டிஎம்ஐ வழியே வரும் படத்தில் பேட்டரிக் குறியும் எழுத்துகளும் இல்லாமல் அனுப்ப முடிகிறதா என்று அங்கேயே ஒரு டிவியில் செருகிப் பாருங்கள். தானே அணைந்துகொள்ளும் வசதியை நிறுத்த முடிகிறதா என்பதையும், மின்கம்பியிலிருந்து நேரே இயங்குமா என்பதையும் கேளுங்கள்.

5. கேப்சர் கார்டு

என் பணம் அதிகம் வீணானது இங்கேதான். கேமரா கொடுக்கும் படம் 1920க்கு 1080 புள்ளிகள், விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால், சுருக்காமல் அனுப்ப விநாடிக்கு ஏறத்தாழ 830 மெகாபிட் வேண்டும். யூஎஸ்பி 2.0 வழியின் உச்ச அளவே 480 மெகாபிட். ஆகவே மலிவுக் கார்டுகள் படத்தை எம்ஜேபெக் என்ற சுருக்கும் முறையில் நசுக்கி அனுப்புகின்றன. நசுங்கும்போது ஓரங்களில் சதுரக் கறைகள் சேரும், நிறத் தகவலும் குறையும். வெறும் கண்ணுக்குப் படம் நன்றாகத்தான் இருக்கும். கீ செய்யும்போதுதான் முடியோரம் படிக்கட்டாகத் தெரியும்.

அட்டைப் பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் 4கே என்ற சொல்லை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் உள்ளே ஏற்கும் அளவைத்தான் குறிக்கும். யூஎஸ்பி 3.0 கார்டா, நசுக்காத ஒய்யுஒய்2 வடிவில் முழு அளவுப் படத்தைத் தருமா என்று மட்டும் பாருங்கள். வாங்கிய பின் கணினியின் 3.0 துளையில்தான் செருக வேண்டும், ஓபிஎஸ்ஸில் காணொளி வடிவத்தை ஒய்யுஒய்2 என்று கையால் தேர்ந்தெடுக்கவும் வேண்டும். கார்டுக்கும் விளக்குகளுக்கும் வரிசை எண் எழுதிய ஜிஎஸ்டி பில்லைக் கேட்டு வாங்கி, அதைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். பில்லில் வரிசை எண் இல்லை என்பதற்காக என் முதல் விளக்கின் உத்தரவாதம் ஏற்கப்படவில்லை.

கணினி பழையது என்றால் ஏடெம் மினி போன்ற, பல கேமராப் படங்களை மாற்றிக் காட்டும் சிறிய சுவிட்சர் கருவியைக் கருதலாம். அதில் நான்கு எச்டிஎம்ஐ வழிகளும் உள்ளேயே ஒரு குரோமா கீயும் உண்டு. கீயின் சுமை கணினியின் மேல் விழாது.

6. கீ செய்தல்

ஓபிஎஸ் இலவசம். கேமரா மூலத்தின் மேல் வலச் சொடுக்கி வடிகட்டிகளைத் திறந்து, முதலில் வெட்டும் வடிகட்டியைச் சேர்த்து, துணிக்கு வெளியே தெரியும் சுவர், தாங்கி எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். அதன் கீழே குரோமா கீ வடிகட்டி வரட்டும். வடிகட்டிகள் மேலிருந்து கீழாகச் செயல்படுவதால், முகத்தின் நிறத்தைத் திருத்தும் வடிகட்டி குரோமா கீக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே வைத்தால் ஒவ்வொரு திருத்தமும் துணியின் பச்சையையும் மாற்றும்.

பின்னணிப் படத்தை இப்போதே வைக்காதீர்கள். அதற்குப் பதில் பளிச்சென்ற இளஞ்சிவப்பு நிறத்தை முழுத்திரையாகப் பின்னே வையுங்கள். எஞ்சிய பச்சையும் முகத்தில் விழுந்த ஓட்டையும் அதில் மறைய முடியாது. பிறகு கறுப்பு, அதன் பிறகு வெள்ளை என மாற்றிப் பாருங்கள்.

துணியின் பச்சைக்கு எவ்வளவு நெருக்கமான நிறம் வரை மறைய வேண்டும் என்பதைக் குறிக்கும் ஒப்புமை என்ற அளவு 400இல் தொடங்கும். அதை நன்றாகத் தாழ்த்தி, துணி முழுவதும் மறையும் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மறைந்த இடத்தில் நிறுத்துங்கள். மென்மை 80இல் இருக்கும். ஓரம் கத்தரியால் வெட்டியதுபோல் இருந்தால் சிறிது ஏற்றலாம். கசிவுக் குறைப்பு 100இல் இருக்கும். தோளில் பச்சை தெரிந்தால் ஏற்றுங்கள், முகம் வெளிறினாலோ சிவந்தாலோ இறக்குங்கள். ஒப்புமையை மிக உயரத்துக்கு ஏற்றினால்தான் துணி மறைகிறது என்றால், கையை எடுத்துவிட்டு மூன்றாவது படிக்குத் திரும்புங்கள்.

சோதனைக்கு நிற்பவர் சிலைபோல நிற்கக் கூடாது. கையை வீசச் சொல்லுங்கள், தலையைத் திருப்பச் சொல்லுங்கள், விரல்களை விரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

7. உடை, நகை, பூ

வருபவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வந்த பிறகு மாற்றுப் புடவை கிடைக்காது. பச்சை மட்டுமன்றி, பச்சை ஊடிழையோடும் மயில்கழுத்து நிறப் பட்டும் ஆபத்து. உடல் திரும்பும்போது நிறம் மாறி, ஒரு நொடி ஓட்டை விழும். அகலமான சரிகையும் கெட்டியான தங்க நகையும் கண்ணாடிபோலத் துணியைப் பிரதிபலிக்கும். வெள்ளை வேட்டி சட்டையில் கசிவு உடனே தெரியும். சந்தன நிறம் பரவாயில்லை.

எங்கள் ஆசிரியையின் கதம்பத்தில் மல்லிகைக்கும் கனகாம்பரத்துக்கும் இடையே மரிக்கொழுந்து கட்டியிருந்தார்கள். அந்த ஒவ்வொரு கொழுந்தும்தான் ஓட்டையானது. அடுத்த வாரம் காம்பு தெரியாமல் நெருக்கமாகத் தொடுத்த மல்லிகையோடு வந்தார், ஒரு குறையும் இல்லை. பூவே வேண்டாம் என்று யாரிடமும் சொல்லத் தேவையில்லை. இலையும் கொழுந்தும் இல்லாத சரமாக இருந்தால் போதும். மூக்குக் கண்ணாடி அணிந்தவரின் கண்ணாடியில் துணி தெரிந்தால், காதுப் பக்கத்துத் தண்டைச் சற்று உயர்த்திக் கண்ணாடியை லேசாகக் கீழ்நோக்கிச் சாய்க்கச் சொல்லுங்கள்.

8. பின்னணியும் அனுமதிக் கடிதங்களும்

பின்னணியில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறதோ, ஆளின் முகவிளக்கும் அதே பக்கத்தில் இருக்கட்டும். கேமராவின் உயரம் கண் மட்டத்தில் இருந்தால் பின்னணிப் படமும் அதே உயரத்திலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பின்னணியைச் சற்று மங்கலாக்குங்கள். ஆள் தனித்துத் தெரிவார், நுணுக்கங்கள் குறைவதால் ஒளிபரப்பின் சுமையும் குறையும்.

இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்து வைப்பது பின்னாளில் சிக்கலாகும். நண்பர் எடுத்த படமே ஆனாலும், நேரலையிலும் அதன் பதிவிலும் பயன்படுத்தலாம் என்று தேதியோடு எழுதி வாங்குங்கள். மின்னஞ்சலாக இருந்தாலும் போதும். விலைக்கு வாங்கிய படம் என்றால் உரிமச் சான்றையும் ரசீதையும் படத்தோடு ஒரே கோப்புறையில் வையுங்கள். பின்னணிக் காணொளியின் ஒலியை அடியோடு நிறுத்திவிடுங்கள். அதில் உள்ள இசைக்கு யாராவது உரிமை கோரலாம்.

இந்திய வரைபடத்தை வைப்பவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். இந்திய நில அளவைத் துறை வெளியிட்ட வரைபடத்துக்கு மாறான எல்லைகளோடு வரைபடம் வெளியிடுவது 1961ஆம் ஆண்டின் குற்றவியல் திருத்தச் சட்டப்படி தண்டனைக்குரியது. வெளிநாட்டுத் தளங்களில் கிடைக்கும் அழகான வரைபடங்கள் பலவற்றில் வடக்கு எல்லை வேறாக இருக்கும். அத்துறையின் தளத்திலிருந்தே வரைபடத்தை எடுங்கள்.

9. ஒலியும் எதிரே ஒரு திரையும்

கேமராப் படம் கார்டு வழியே வந்து கீ ஆகி முடிவதற்குள் ஒலி முந்திவிடும். பேசுபவரைக் கேமரா முன் ஒருமுறை பலமாகக் கைதட்டச் சொல்லி ஒரு நிமிடம் பதிவு செய்து, ஓசைக்கும் கை சேர்வதற்கும் உள்ள இடைவெளியை அளந்து, ஓபிஎஸ்ஸின் மேம்பட்ட ஒலிப் பண்புகளில் அந்த மில்லிவிநாடிகளை மைக்கின் ஒத்திசைவில் எழுதுங்கள். எங்களுக்கு 120 வந்தது. உங்களுக்கு வேறாக வரும்.

பேசுபவருக்குப் பின்னால் வெறும் துணிதான் இருக்கிறது. எதைக் காட்டுகிறோம் என்று அவருக்குத் தெரிய, கீ செய்த படத்தைக் காட்டும் ஒரு திரையைக் கேமராவுக்குப் பக்கத்தில், அதே உயரத்தில் வையுங்கள். அந்தப் படத்தை இடவலமாகத் திருப்பி, நிலைக்கண்ணாடிபோலக் காட்டினால் கை தடுமாறாது. நேரலைக்குச் செல்லும் படம் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. ஒளிபரப்பு நாள்

யூடியூபில் முதன்முறை நேரலையைத் திறக்கும்போது கைப்பேசி எண்ணைச் சரிபார்க்க வேண்டும். அனுமதி வர 24 மணி நேரம் வரை ஆகலாம். ஆகவே முதல் நிகழ்ச்சிக்கு மூன்று நாள் முன்பே அதை முடித்துவிடுங்கள். நாங்கள் விநாடிக்கு 6,000 கிலோபிட் வேகத்தில் அனுப்புகிறோம். பதிவேற்ற வேகம் அதைப்போல இரு மடங்காவது இருக்கிறதா என்று, நிகழ்ச்சி நடக்கப்போகும் அதே நேரத்தில் முந்தின நாள் சோதிக்கிறோம். இணைய வேகம் குறைந்தால் மொத்தப் படமும் விட்டுவிட்டு வரும் அல்லது மங்கும், கீ மட்டும் தனியே கெடாது. கீ கெட்டால் இணையத்தைக் குறை சொல்ல வேண்டாம்.

அன்று இரண்டரை மணி நேரம் முன்பு துணியைக் கட்டுங்கள். இரண்டு மணி நேரம் முன்பு விளக்குகளை ஏற்றி, மூன்றாம் படியின் கறுப்பு வெள்ளைச் சோதனையைச் செய்யுங்கள். ஒரு மணி நேரம் முன்பு, பேசுபவரை அன்றைய உடையோடும் பூவோடும் நிற்க வைத்துக் கீயைச் சரிபாருங்கள். அதன் பிறகு எந்தத் தாங்கியையும் யாரும் தொடாதபடி, அதன் கால்களைத் தரையில் நாடாவால் ஒட்டிவிடுங்கள்.

கணினி, ரூட்டர், கேமரா ஆகியவற்றோடு துணிக்கான விளக்குகளையும் யூபிஎஸ்ஸில் இணையுங்கள். மின்சாரம் போய் வரும்போது சில பேனல்கள் பழைய அளவை மறந்து முழு வெளிச்சத்தோடு எரியத் தொடங்கும்; அவற்றின் எண்களை ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு விளக்கின் முதுகிலும் ஒட்டி வைத்திருக்கிறோம்.

எல்லாம் செய்தும் நடுவில் கீ உடையலாம். அதற்காக ஓபிஎஸ்ஸில் ஒரு தனிக் காட்சியை உருவாக்கி, பாடத்தின் குறிப்புப் பக்கத்தை முழுத்திரையாக அதில் வைத்து, மைக் மட்டும் தொடரும்படி செய்து, விசைப்பலகையின் ஒரு விசையோடு இணையுங்கள். பேசுபவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்: எதிரே உள்ள திரையில் குறிப்புப் பக்கம் வந்தால், பேச்சை நிறுத்தாமல் அதைப் படித்து விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். எங்களுக்கு ஒருமுறை துணியின் கிளிப் கழன்று விழுந்தது. விசையை அழுத்திவிட்டு, நானும் இன்னொருவரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக் கட்டி, கறுப்பு வெள்ளையில் ஒருமுறை பார்த்துக்கொண்டு திரும்ப நான்கு நிமிடம் ஆனது. ஆசிரியை அதுவரை பாடத்தை விடவே இல்லை.